செந்தூல் வீட்டுத் தாள்கள்: ஒரு மாணவர் சங்கச் செயலாளரின் சேகரிப்பு காப்பகம் சேர்ந்த விதம்

பின்னணி

கோலாலம்பூர், செந்தூலில் ஒரு தொடர் வீடு. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். 1960களின் நடுவில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் படித்தவர். அப்போது தமிழ் மாணவர் சங்கம் ஒன்றுக்குச் செயலாளராக இருந்தவர். பட்டம் பெற்ற பிறகும் சங்கத்தோடு தொடர்பை விடவில்லை. அடுத்தடுத்து வந்த மாணவர்கள் தங்கள் கோப்புகளை அவர் வீட்டில் கொண்டுவந்து வைப்பது வழக்கமாயிற்று. அவர் காலமாகி எட்டு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை அந்தி மழையில் பின்கட்டு அறையின் கூரை ஓடு உடைந்து, தண்ணீர் தாள்களின் மேல் இறங்கியது.

இப்படிப்பட்ட தாள்கள் ஏன் வீடுகளில் கிடக்கின்றன என்பதை முதலில் சொல்ல வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கியது. கோலாலம்பூர் வளாகம் 1959இல் வந்தது. 1962 ஜனவரி 1 முதல் அது தனிப் பல்கலைக்கழகமானது. பேரவைக் குறிப்பு, தேர்வுப் பதிவு போன்றவற்றைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ளும். மாணவர் சங்கத்தின் கதை வேறு. செயலவை ஆண்டுதோறும் மாறும். நிலையான அறை கிடையாது. மூன்றாண்டில் எல்லாரும் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கோப்பு கடைசிச் செயலாளரின் வீட்டுக்குப் போய்விடும். மாணவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிவைத்த பதிவு வேண்டுமென்றால், ஈப்போவிலும் காஜாங்கிலும் செந்தூலிலும் உள்ள வீடுகளின் அலமாரிகளைத்தான் தேட வேண்டும்.

ஆசிரியரின் மகன் ஞாயிறு காலை அருகிலிருந்த சமூகப் படிப்பகத்தைத் தொடர்புகொண்டார். “பளபளப்பான ஆண்டு மலர்களை எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. மற்ற துண்டுத் தாளெல்லாம் பேப்பர் லாமா (பழைய தாள் வாங்கும்) லோரி வந்தால் போட்டுவிடுவோம்” என்றார். படிப்பகத்தின் சார்பில் நால்வர் வந்தனர்: ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர், முதுகலை மாணவர் இருவர், புத்தகம் கட்டும் தொழில் தெரிந்த ஒருவர்.

கண்டவை

மொத்தம் 14 கொள்கலன்கள்: 3 டிரங்குப் பெட்டி, 5 பிஸ்கட் டின், 6 அட்டைப் பெட்டி. வரிசையாக நிறுத்தினால் ஏறத்தாழ 4 மீட்டர். தகர டின்களுக்குள் தண்ணீர் புகவில்லை. நனைந்தவை தரையில் இருந்த 4 அட்டைப் பெட்டிகள். அவற்றிலும் அடியிலிருந்த மூன்றிலொரு பகுதிதான் முழுவதும் ஊறியிருந்தது.

பெட்டிகளில் இருந்தவை: செயலவைக் கூட்டக் குறிப்புப் புத்தகங்கள், ஸ்டென்சில் வெட்டி ரோனியோ நகலெடுப்பு இயந்திரத்தில் ஓட்டிய சுற்றறிக்கைகள், ஆண்டு மலர்கள், ‘தமிழ் நேசன்’ முதலிய நாளிதழ்களின் நறுக்குகள், 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டுக்கான தொண்டர் பணிப் பட்டியல்கள், ஒட்டும் பக்கங்கள் கொண்ட புகைப்பட ஆல்பங்கள், ஒரு ஷூ பெட்டி நிறைய பிலிம் சுருள், மாணவர் உதவி நிதியின் ரசீதுக் கட்டைகள், இரண்டு கோப்புகள் நிறையத் தோட்டக் கணக்கெடுப்புப் படிவங்கள். டிரங்கின் அடியில் இன்னொன்றும் கிடைத்தது. 1950களில் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரின் ‘தமிழ் முரசு’ நாளிதழ் வழியாகத் திரட்டிய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியின் ரசீதுகள் சில, ஆசிரியரின் தந்தை பெயரில். தந்தை ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டுத் திரட்டிய நிதி அது. அதற்குப் பணம் கொடுத்தவரின் மகன் பின்னர் அதே துறையில் படித்ததற்கான சான்று ஒரே பெட்டியில் இருந்தது. ஆசிரியரின் மகன் வேண்டாமென்று ஒதுக்கச் சொன்ன “துண்டுத் தாள்” இதுவே.

முதல் மூன்று நாள்

நம் வெப்பநிலையில் நனைந்த தாளில் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பூசணம் பிடித்துவிடும். குழு வந்தபோது ஏறத்தாழ 40 மணி நேரம் கடந்திருந்தது. எல்லாவற்றையும் உடனே உலர்த்த இடமும் இல்லை, ஆளும் இல்லை. ஆகவே எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பிரித்தார்கள்.

ரோனியோ தாள்கள் காத்திருக்கும். அந்த மை எண்ணெய் சார்ந்தது, தண்ணீரில் ஓடாது. தாள் மட்டும் நொய்ந்து போகும். காத்திருக்காதவை இரண்டு. ஒன்று, ஊற்றுப் பேனாவால் எழுதிய கடிதங்கள். நீல மை ஓடத் தொடங்கியிருந்தது. இவற்றை ஒற்றுத்தாளால் அழுத்தக் கூடாது, அழுத்தினால் எழுத்து ஒற்றுத்தாளுக்குப் போய்விடும். நான்கைந்து தாளுக்கு ஒரு மெழுகுத்தாள் இடையிட்டு, பாலிதீன் பையிலிட்டு, தெரிந்த மளிகைக் கடைக்காரரின் ஃபிரீசர் பெட்டியில் −18 டிகிரியில் அன்றே வைத்தார்கள். உறைந்தால் மை ஓடுவதும் நிற்கும், பூசணமும் நிற்கும். பிறகு நாளுக்கு ஒரு பையாக வெளியே எடுத்து உலர்த்தலாம்.

மற்றொன்று ஆண்டு மலர்கள். பளபளப்பான தாளில் களிமண் பூச்சு உண்டு. நனைந்த நிலையிலேயே பக்கங்களைப் பிரிக்காமல் உலரவிட்டால் பூச்சுகள் ஒட்டி, மலர் முழுவதும் ஒரே பலகையாகிவிடும். அதன் பிறகு எவராலும் பிரிக்க முடியாது. ஈரம் இருக்கும்போதே பக்கத்துக்குப் பக்கம் மெழுகுத்தாள் வைத்து விரித்தார்கள். 11 மலர்களில் 9 தப்பின. ஓரத்தில் இருந்த இரண்டு குழு வருவதற்கு முன்பே உலர்ந்து ஒட்டிவிட்டன.

மீதியை வீட்டின் முன்கூடத்தில் நைலான் வலைமேல் பரப்பினார்கள். காற்றாடியைத் தாளை நோக்கி வைக்காமல் சுவரை நோக்கி வைத்தார்கள். காற்று அறைக்குள் சுழல வேண்டும், தாள் பறக்கக் கூடாது. வெயிலில் காயவைக்கலாம் என்று உறவினர் சொன்னதை மறுத்தார்கள். வெயில் தாளை நெளியச் செய்து மஞ்சளாக்கும். நாளிதழ்த் தாள் ஒரே நாளில் கருகியதுபோல் ஆகும்.

தாள் ஒவ்வொன்றையும் நகர்த்துமுன், எந்தப் பெட்டி, மேலிருந்து எத்தனையாவது கட்டு என்று ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி உடன் வைத்தார்கள். கைப்பேசியில் படமும் எடுத்தார்கள். அந்த அவசரத்தில் இது வீண் வேலை என்று குழுவிலேயே ஒருவர் நினைத்தார். பிற்பாடு நடந்த அத்தனைக்கும் இந்தச் சீட்டுகளே கைகொடுத்தன.

பூசணமும் பூச்சியும்

நனையாத பெட்டிகளும் சுத்தமானவை அல்ல. இரண்டில் பழைய பூசணம் காய்ந்து பொடியாக இருந்தது, ஒன்றில் வெள்ளிப்பூச்சி. எல்லாவற்றையும் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, −18 டிகிரியில் இரண்டு வாரம் உறைய வைத்தார்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கவில்லை. அறை வெப்பத்துக்கு வர ஒரு முழு நாள் விட்டார்கள். உடனே திறந்தால் குளிர்ந்த தாளின் மேல் ஈரம் படியும்.

உறைய வைத்தால் பூச்சி சாகும், பூசணம் சாகாது; உறங்கும். அதைத் துடைத்துத்தான் ஆக வேண்டும். என்-95 முகக்கவசம், நைட்ரைல் கையுறை, நுண்வடிகட்டி பொருத்திய தூசியுறிஞ்சி, மென்தூரிகை இவற்றைக்கொண்டு வாசலருகே, காற்று வெளியே போகும் திசையில் அமர்ந்து செய்தார்கள். சாதாரண வீட்டுத் தூசியுறிஞ்சி வித்துகளைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே கக்கும். அதைப் பயன்படுத்தவே கூடாது. ஆஸ்துமா உள்ள மாணவர் ஒருவரை இந்த வேலையிலிருந்து முற்றிலும் விலக்கியது சரியான முடிவு.

துருப்பிடித்த குண்டூசிகளையும் ஸ்டேப்பிள்களையும் இழுத்து எடுக்கவில்லை. பின்பக்கம் காலை நிமிர்த்தி, மெல்லிய பிளாஸ்டிக் துண்டை அடியில் செருகி எடுத்தார்கள். சேர்ந்திருந்த தாள்களை மடித்த தாளுறைக்குள் வைத்தார்கள். செலோடேப்பை விட்டுவிட்டார்கள், அதை அகற்றுவது பயிற்சி பெற்றவர் வேலை.

வகை பிரிப்பதா, இருந்தபடி வைப்பதா

உலர்ந்த பிறகு இயல்பாக எழுந்த யோசனை: கடிதங்களை ஓரிடம், சுற்றறிக்கைகளை ஓரிடம், நிகழ்ச்சி நிரல்களை ஓரிடம் என்று அடுக்குவது. தேடுவோருக்கு எளிது, பார்க்கவும் ஒழுங்கு. மாணவர் இருவரும் ஒரு கோப்பை அப்படிப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். நூலகர் நிறுத்தினார்.

காரணம் அந்தக் கோப்பிலேயே இருந்தது. 1971இல் மாணவர் அமைப்புகளைக் கட்டுப்படுத்திய பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் வந்தது. 1975இல் அது மேலும் இறுக்கப்பட்டது. அதற்கு முன் சங்கம் நிகழ்ச்சிகளைத் தானே முடிவுசெய்து சுற்றறிக்கை விட்டது. அதற்குப் பின்னான கோப்பில் ஒரு நிகழ்ச்சி நிரல் வரைவு, அதன் பின்னால் அனுமதி கேட்ட கடிதத்தின் கார்பன் நகல், அதன் பின்னால் பேச்சாளர் பெயர் அடிக்கப்பட்ட இரண்டாம் வரைவு, அதன் பின்னால் அச்சான நிரல் என்று அடுக்கு இருந்தது. இந்த நான்கும் சேர்ந்திருந்தால்தான் நடந்தது புரியும். வகைவாரியாகப் பிரித்தால் ஒரு சாதாரண நிரலும் ஒரு சாதாரணக் கடிதமும்தான் மிஞ்சும். பேச்சாளர் ஏன் மாறினார் என்பது தொலைந்துவிடும். அடித்த கோடு எந்தத் தாளை அடுத்து இருந்தது என்பதே இங்கு சான்று.

பிரித்த கோப்பைத் துண்டுச் சீட்டுகளையும் கைப்பேசிப் படங்களையும் பார்த்து மீண்டும் கூட்டினார்கள். பிறகு ஆசிரியர் கட்டியிருந்த கட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு கோப்பாக, அதே வரிசையில் வைக்கப்பட்டது. ஒழுங்கே இல்லாமல் அள்ளிப் போட்டிருந்த இரண்டு பிஸ்கட் டின்களுக்கு மட்டும் குழு தானே ஆண்டுவாரியாக வரிசை அமைத்து, “இவ்வரிசை பிற்காலத்தது” என்று விவரப் பட்டியலில் எழுதியது. இப்படிச் சொல்லிவைப்பது நேர்மை. ஆய்வாளர் அந்த அடுக்கைச் சான்றாக எடுத்துக்கொண்டு ஏமாறக் கூடாது.

இன்னொன்றும் வெளிப்பட்டது. விடுதி மாணவர் பட்டியல் அடங்கிய ஒரு கோப்பில் பல்கலைக்கழக அலுவலக முத்திரை இருந்தது. சட்டப்படி நிறுவப்பட்ட அமைப்புகளின் அலுவல் பதிவுகள் 2003ஆம் ஆண்டுத் தேசிய ஆவணக் காப்பகச் சட்டத்தின்படி பொது ஆவணங்கள். அவை எப்படியோ வீட்டுக்கு வந்திருந்தாலும் குடும்பத்தின் சொத்தாகிவிடுவதில்லை. அந்தக் கோப்பைத் தனியே எடுத்து, எடுத்த இடத்தில் ஒரு குறிப்புத் தாள் வைத்து, உரிய அலுவலகத்துக்கு எழுதி ஒப்படைத்தார்கள்.

கணக்கெடுப்புப் படிவங்கள்

இந்தச் சேகரிப்பின் கனமான பகுதி இதுவே. முடிவெடுக்கக் கடினமாக இருந்ததும் இதுவே.

1969 மே மாத இனக்கலவரத்துக்குப் பின் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டபோது, இந்த மண்ணிலேயே பல்லாண்டு உழைத்த தோட்டத் தொழிலாளர் பலர் குடியுரிமை இல்லாதோருக்கான சிவப்பு அடையாளக் கார்டோடு சிக்கிக்கொண்டார்கள். மாணவர்கள் நீண்ட விடுமுறையில் தோட்டங்களுக்குப் போய், லயம் லயமாக (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஒரு படிவத்தை நிரப்பியிருக்கிறார்கள். பெயர், பிறந்த ஊர், வந்த ஆண்டு, கார்டின் நிறம், பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் உண்டா, விண்ணப்பித்தார்களா, ஏன் இல்லை. 412 படிவங்கள். ஓரக் குறிப்புகளில் கடன், நோய், குடும்பத் தகராறு வரை உண்டு. மாணவர்கள் கேட்டதைவிட அதிகமாக மக்கள் சொல்லியிருக்கிறார்கள். உதவி கிடைக்கும் என்று நம்பிச் சொன்னது அது.

குழுவில் இரண்டு கருத்து. இது சமூக வரலாறு, உடனே இணையத்தில் போட வேண்டும் என்பது ஒன்று. இதில் உள்ளவர்களின் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள், சிலர் இன்னும் குடியுரிமைக்கு அலைகிறார்கள், போடக் கூடாது என்பது மற்றொன்று. எடுத்த முடிவு: படிவங்கள் 1970ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்பதால் 75 ஆண்டு கணக்கிட்டு 2045 வரை பொதுப் பார்வைக்கு மூடப்படும். வெற்றுப் படிவம் ஒன்று, தோட்டவாரியான எண்ணிக்கை, கேள்விகளின் பட்டியல் ஆகியவை எல்லாருக்கும் திறந்திருக்கும். ஆய்வாளர் பெயர் நீக்கிய நகலை எழுத்து மூலம் கேட்கலாம். படிவத்தில் உள்ளவரின் வழித்தோன்றல் என்று காட்டுபவருக்கு அவர் குடும்பத்தின் படிவத்து நகல் தரப்படும்.

இந்தக் கடைசி விதி இல்லாமல் மூடியிருந்தால் அது அநியாயமாகியிருக்கும். அந்த மக்கள் தங்கள் பெயரைக் கொடுத்தது தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்றுதான்.

மாணவர் உதவி நிதியின் பெறுநர் பட்டியலுக்கும் இதே விதி. ரசீதுக் கட்டைகளைத் திறந்துவிட்டார்கள். 50 காசு, 1 வெள்ளி என்று கொடுத்தவர் விவரம் ஆண்டறிக்கைகளில் அப்போதே அச்சானது.

விவரப் பட்டியலும் நகலெடுப்பும்

பட்டியலைத் தமிழில் எழுதி, கோப்புத் தலைப்புகளை மட்டும் மலாயிலும் ஆங்கிலத்திலும் தந்தார்கள். தொல்லை தந்தவை பெயர்கள். ஒரே பெண் முனியம்மா, முனியம்மாள், முனியம்மை என்று மூன்று தாளில் வருவார். ஒரே தோட்டத்துக்குக் கம்பெனிப் பெயர் ஒன்று, தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறொன்று. தாளில் உள்ளதை உள்ளபடி எழுதி, தேடுவதற்கான பொதுவடிவத்தைத் தனிப் பத்தியில் வைத்தார்கள். திருத்தி எழுதுவதில்லை என்பது விதி.

புகைப்படங்களை ஒட்டும் ஆல்பத்திலிருந்து பல் இடுக்கு நூலை அடியில் நுழைத்து அறுத்து எடுத்தார்கள். அடையாளம் காண முன்னாள் மாணவர்களை அழைத்தபோது மூலப் படத்தைக் காட்டவில்லை. பெரிதாக அச்சிட்ட நகலில் தலைக்குத் தலை எண் போட்டுக் காட்டினார்கள். இருவர் தனித்தனியே ஒரே பெயரைச் சொன்னால்தான் உறுதி. ஒருவர் மட்டும் சொன்னால் கேள்விக்குறியோடு.

பிலிம் சுருள்களில் வினிகர் வாடை அடித்தது. அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கினால் வெளிவரும் அமிலம் சிதைவை மேலும் முடுக்கும். பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து எடுத்துக் காகித உறைக்கு மாற்றி, தனி அறையில் வைத்து, நிறம் மாறும் சோதனைப் பட்டைகளால் பார்த்தார்கள். நீலம் நீலமாகவே இருந்தால் நலம். பச்சைக்கும் மஞ்சளுக்கும் போனால் அவசரம். மஞ்சள் காட்டிய 6 சுருள்கள் முதலில் நகலெடுக்கப்பட்டன.

தாள்களுக்கு அங்குலத்துக்கு 400 புள்ளி, முழு வண்ணம், சுருக்காத டிஃப் வடிவம். ஏ4 பக்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ 46 மெகாபைட். மூடிய படிவங்கள் நீங்கலாக 4,600 பக்கத்துக்கு 210 கிகாபைட்டுக்கு மேல். ரோனியோ தாள் மெல்லியது. பின்பக்க எழுத்து ஊடே தெரியாமலிருக்க அடியில் கறுப்புத் தாள் வைத்தார்கள். எழுத்துணரி மென்பொருள் பழைய ணை, லை, னை, றா வடிவங்களில் தடுமாறியது. கோப்புத் தலைப்பையும் பெயர்களையும் கையால் தட்டச்சு செய்ததே வேகமாக முடிந்தது.

எங்கே வைப்பது

படிப்பகத்திலேயே வைக்க வேண்டும் என்பது குடும்பத்தின் ஆசை. அந்த அறையில் ஈரப்பதமானியை ஒரு மாதம் வைத்துப் பார்த்தார்கள். குளிர்சாதனம் ஓடும் பகலில் 58 விழுக்காடு. மாலை ஆறுக்கு நிறுத்தியதும் இரவில் 78 வரை ஏறியது. 65க்கு மேல் போனால் பூசணம் விழித்துக்கொள்ளும். தினமும் ஏறி இறங்கும் ஈரம் நிலையான வெப்பத்தைவிடக் கேடு. குளிர்சாதனத்தை விட்டுவிட்டு, நீர் வெளியேறும் குழாயோடு ஈரநீக்கி ஒன்றை இரவும் பகலும் ஓடவிட்டார்கள். வெப்பம் 28 டிகிரி, ஆனால் ஈரம் 55க்கும் 62க்கும் இடையில் நின்றது.

இருந்தும் இது தற்காலிக ஏற்பாடுதான். வாடகைக் கட்டடம், தொண்டர்கள், ஒரு ஈரநீக்கி. இந்த மூன்றில் எது போனாலும் தாள்கள் போகும். மூலங்களைப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் சிறப்புச் சேகரிப்புக்கும், நகல்களைப் படிப்பகத்துக்கும் தருவது என்று குடும்பத்தார் ஒப்புக்கொண்டனர். நூலகத்தின் வழக்கமான நன்கொடைப் படிவத்தில் மூடிய காலத்துக்கு இடமே இல்லை. அதைச் சேர்க்க ஐந்து மாதம் ஆயிற்று. குழு காத்திருந்தது, கையெழுத்துக்கு முன் ஒரு பெட்டியும் வீட்டை விட்டுப் போகவில்லை. பதிப்புரிமை பற்றியும் எழுதினார்கள்: ஆசிரியர் எழுதியவற்றின் உரிமையைத்தான் குடும்பம் தர முடியும், பிறர் எழுதிய கடிதத்தின் உரிமை எழுதியவருடையது, அவர் மறைந்த பின் அவர் வாரிசுகளுடையது.

விளைவு

31 பெட்டிகள், ஏறத்தாழ 3.9 மீட்டர். விவரப் பட்டியல் திறந்த முதல் ஆண்டில் வந்த வேண்டுகோள்களில் பாதிக்கு மேல் ஆண்டு மலர்களுக்காக வரவில்லை. தோட்டப் பெயர்களுக்காக வந்தன. வழித்தோன்றல் விதியின்கீழ் இரண்டு குடும்பங்கள் படிவ நகல் பெற்றன. அந்தப் படிவம் சட்டப்படிச் சான்றாகாது. ஒரு குடும்பத்துக்குப் பாட்டி பிறந்த தோட்டத்தின் பெயர் அதில்தான் கிடைத்தது. எந்த வட்டாரப் பதிவலுவலகத்தில் கேட்க வேண்டும் என்பது அதன் பிறகே தெரிந்தது.

இழந்தவை: ஒட்டிய இரண்டு மலர்கள், மை ஓடிப் படிக்க இயலாமற்போன 19 கடிதங்கள், பிலிம் சுருள் ஒன்று.

மாற்ற வேண்டியவை

குடும்பத்திடம் முதல் நாளே எழுத்தில் ஒரு சிறு இசைவுக் கடிதம் வாங்க வேண்டும். தாள்கள் ஃபிரீசருக்குப் போனபோது அவை யார் பொறுப்பில் இருந்தன என்பதற்கு இங்கே பதிவு இல்லை. நன்கொடைப் படிவப் பேச்சை நகலெடுப்பு முடியும்வரை தள்ளாமல், உலர்த்தும் வாரத்திலேயே தொடங்கினால் ஐந்து மாதம் வீணாகாது. மூடிய படிவங்களைக் கையாளப் போகிறவர்கள் யார் யார் என்பதைப் பெயரிட்டு முன்கூட்டியே குறைக்க வேண்டும். இங்கே முதல் சில வாரம் வந்து போனவர்கள் பலரும் அவற்றைப் படித்தார்கள்.

முன்னாள் மாணவர்களின் நினைவைப் பதிவுசெய்யும் வேலையை முதலிலேயே தொடங்கியிருக்க வேண்டும். உலர்த்தலும் பட்டியலும் முடிந்த பின் என்று தள்ளிவைத்ததில், கணக்கெடுப்புக்கு நேரில் போனவர்களில் இருவர் இடையில் காலமானார்கள். தாளை உறைய வைத்துக் காத்திருக்கலாம். ஒரு சேகரிப்பு கைக்கு வந்த வாரமே, அதில் பெயர் உள்ள மூத்தவர்களின் பட்டியலை எடுத்து, வயதில் மூத்தவரிடமிருந்து பேச்சைத் தொடங்குவது இப்போது அந்தப் படிப்பகத்தின் நடைமுறை.